உலக மன்றமும் கேலிச் சித்திரமும்

ஹாலந்து நாட்டின் ஹேக் நகரத்தில் அமைதி மாளிகை என்றொரு கட்டிடம் உண்டு. அமெரிக்கச் செல்வர் கார்னெகியின் பொருளுதவியால் எழுந்த அம்மாளிகை 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாடுகள் தம் வழக்குகளைப் போர்க்களத்திற்குக் கொண்டுபோகாமல் அங்கே கொண்டுவரவேண்டும் என்பது அதனைக் கட்டியவர்களின் நோக்கம். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. போருக்குப் பின் சர்வதேச சங்கமும், அதன் தொடர்பாக 1922இல் நிரந்தர உலக நீதிமன்றமும் தோன்றின. இரண்டாம் போருக்குப் பின் அவற்றின் இடத்தில் ஐக்கிய நாட்டு சபையும், 15 நீதிபதிகளைக் கொண்ட இன்றைய சர்வதேச நீதிமன்றமும் அமைந்தன. மங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, நம் அரசியலமைப்பு வகுக்கப்பட்ட காலத்தில் ஆலோசகராக விளங்கிய பெனகல் நரசிங்க ராவ், 1952 முதல் மறு ஆண்டு தாம் மறையும்வரை அம்மன்றத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்தார்.

இம்மன்றங்களின் வரலாற்றை நூல்களிற் படிக்கலாம். ஆனால் சாதாரண மக்கள் அவற்றை அறிந்துகொண்டது பெரும்பாலும் செய்தித்தாளின் கேலிச் சித்திரங்கள் வாயிலாகத்தான். அச்சித்திரங்கள் மன்றங்களை எவ்வாறு விசாரித்தன, மன்றங்களும் ஒருநாள் சித்திரத்தை எவ்வாறு விசாரிக்க நேர்ந்தது என்பதை நாம் இங்கே காண்போம்.

1919ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க மேல்சபை சமாதான உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. டிசம்பர் 10ஆம் நாள் இலண்டன் 'பஞ்ச்' இதழில் ரேவன்ஹில் ஒரு படம் வரைந்தார். சர்வதேச சங்கம் என்னும் கற்பாலம். பெல்ஜியம், பிரான்சு, இங்கிலாந்து, இத்தாலி என்னும் கற்கள் இருபுறமும் நிற்கின்றன. நடுவே ஓர் இடைவெளி. அங்கே பொருந்தவேண்டிய கல்லின்மேல் அமெரிக்காவின் உருவமான சாம் மாமா சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடிக்கிறார். பாலத்தைத் திட்டமிட்டவர் அமெரிக்க ஜனாதிபதியே என்று பலகை ஒன்று கூறுகிறது. சங்கத்தின் பலவீனத்தை விளக்க இதைவிடத் தெளிவான கட்டுரை எழுதுவது அரிது.

அடுத்த பெரிய படம் டேவிட் லோ வரைந்தது. நியூசிலாந்திற் பிறந்து இலண்டனுக்கு வந்த இவர் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில் 1933 ஜனவரியில் 'கால்மிதி' என்ற படத்தை வெளியிட்டார். ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியிருந்த காலம் அது. சங்கம் தன் வாயிலிலேயே கால்மிதியாகக் கிடக்கிறது. ஜப்பானியப் படைவீரன் அதை மிதித்துக்கொண்டு உள்ளே ஏறுகிறான். பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரியோ, மிதிபட்ட முகத்தின் மானத்தைக் காக்கப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறார்! இத்தகைய படங்கள் சர்வாதிகாரிகளை மிகவும் உறுத்தின. 1937இல் ஜெர்மனிக்குச் சென்ற ஆலிபாக்ஸ் பிரபுவிடம் நாஜித் தலைவர்கள் லோவின் படங்களைக் குறித்தே முறையிட்டார்கள். இங்கிலாந்தைப் பிடித்தவுடன் கைது செய்யவேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

லோவின் படங்கள் கடல் கடந்து சென்னை 'ஹிந்து' நாளிதழில் மறுபதிப்பாகி, மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. அவ்வீட்டின் தலைவர் பள்ளித் தலைமையாசிரியர். பிள்ளைகளுள் ஒருவர் நாவலாசிரியர் ஆர். கே. நாராயண், இளையவர் 1921இற் பிறந்த ஆர். கே. லட்சுமணன். படத்தின் மூலையிலிருந்த கையொப்பத்தைப் பசுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றே தாம் சிறுவயதில் படித்துவந்ததாக லட்சுமணன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெயர் பிழையாகப் பதிந்தாலும் கோடுகள் பிழையின்றிப் பதிந்தன. பம்பாய் ஓவியக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. எனினும் அதே பம்பாயில் 'டைம்ஸ் ஆப் இந்தியா' இதழில் 1947இற் சேர்ந்து, கட்டம் போட்ட சட்டையணிந்து வாய் திறவாமல் உலகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் 'சாதாரண மனிதனை' அரை நூற்றாண்டுக்குமேல் வரைந்தார் அவர்.

லட்சுமணனின் இளமைக் காலப் படங்களை வெளியிட்ட இதழ்களுள் ஒன்று, டாக்டர் சிவராம் 'ராசி' என்ற புனைபெயருடன் 1942இற் பெங்களூரில் தொடங்கிய 'கொரவஞ்சி'. இருபத்தைந்து ஆண்டுகள் கன்னட மக்களைச் சிரிக்கவைத்த ஏடு அது. அப்பெயரைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்குக் குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வராமற் போகாது. கைபார்த்து உண்மையைச் சொல்லும் குறத்தி இரு மொழிகளுக்கும் பொதுச்சொத்து. ஆண்டவன் முன்னாலும் அரசன் முன்னாலும் அஞ்சாது பேசும் அவள் பெயரை நகைச்சுவை ஏட்டுக்கு இட்டது மிகப் பொருத்தமே.

தமிழிலும் இம்மரபு பழமையானது. 1906இற் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் சித்திரங்களை முறையாக வெளியிட்டவர் பாரதியார். பத்திரிகை 1908இற் புதுச்சேரிக்குப் போன பின்னும் அச்சித்திரங்கள் தொடர்ந்தன. எழுத்தறிவு குறைந்திருந்த நாட்டில், படத்தைக் கண்டவன் பக்கத்திலிருந்தவனிடம் பொருள் கேட்டான். அவ்வாறு கேட்டதே அரசியற் கல்வியாயிற்று.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1945 நவம்பரில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்களை விசாரிக்கச் சர்வதேச இராணுவ நீதிமன்றம் கூடியது. பார்வையாளர் வரிசையில் சோவியத் நாட்டுக் கேலிச் சித்திரக்காரர் போரிஸ் எபிமோவும், 'குக்ரினிக்ஸி' என்ற கூட்டுப் பெயரில் வரைந்த மூவரும் அமர்ந்து குற்றவாளிகளின் முகங்களைத் தாளிற் பதிவு செய்தார்கள். எதிரே குற்றவாளிக் கூண்டில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவன் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர். அவன் படை நடத்தியவன் அல்லன். 'டெர் ஸ்டூர்மர்' என்ற வார ஏட்டை 1923 முதல் நடத்தியவன். யூதர்களைப் புழுவாகவும் சிலந்தியாகவும் காட்டும் கேலிப்படங்கள் அவ்வேட்டில் வாரந்தோறும் வெளிவந்தன. ஒரு மக்கட்கூட்டம் மனிதரே அல்லர் என்று ஆண்டுக்கணக்கிற் காட்டிய பிறகு, அவர்களைக் கொல்வது பலருக்குக் கொலையாகவே தோன்றவில்லை. நீதிமன்றம் முக்கியமாக அவனுடைய எழுத்தையும் பேச்சையும் எடுத்துக்காட்டி, மனித குலத்திற்கு எதிரான குற்றம் புரிந்தவன் என்று தீர்ப்பளித்தது. 1946 அக்டோபர் 16ஆம் நாள் அவன் தூக்கிலிடப்பட்டான்.

இது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செய்தி அன்று. ருவாண்டா நாட்டில் 1994இல் நடந்த இனப் படுகொலைக்கு முன்னர் 'கங்குரா' என்ற ஏடு துட்சி மக்களைக் கட்டுரையாலும் கேலிப்படத்தாலும் இழிவுபடுத்திவந்தது. அதன் ஆசிரியருக்கு, டான்சானியாவின் அருஷா நகரில் ஐக்கிய நாட்டு சபை அமைத்த நீதிமன்றம் 2003இல் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2007இல் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

லோவின் படமும் ஸ்ட்ரைக்கரின் ஏட்டிலிருந்த படமும் மையாலும் கோட்டாலும் ஆனவையே. இரண்டும் உருவத்தைக் கோணலாக்கிக் காட்டுகின்றன. வேறுபாடு எங்கே? லோ கேலி செய்தது கையில் அதிகாரம் உள்ளவர்களை; திருப்பி அடிக்கும் வலிமை அவர்களுக்கு இருந்தது. ஸ்ட்ரைக்கரின் ஏடு கேலி செய்தது அண்டை வீட்டுக்காரனை. பதில் சொல்லும் வாயும் அவனுக்கு அடைக்கப்பட்டிருந்தது. முன்னது செயலைச் சுட்டுகிறது. பின்னது பிறப்பைச் சுட்டுகிறது. எந்தப் படத்தையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அது அரசிதழில் வெளியான டிசம்பரில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஒரு மன்றத்தின் தீர்ப்பு நீரின் அளவைப் பற்றியது. அதன் பலனை அனுபவித்தவர்களோ, அத்தீர்ப்பில் யாதொரு பங்குமில்லாத கூலித் தொழிலாளரும் சிறு வணிகரும். இத்தகைய வேளைகளில் இரு மாநிலத்துப் பத்திரிகைகளிலும் வரும் சித்திரம், மந்திரியைப் பார்த்துச் சிரிக்கிறதா, மற்ற மொழிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறதா என்பது ஒரு தெருவின் அமைதியைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. நம் பக்கத்துப் படத்தையும் அதே கண்ணோடு நாம் பார்த்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்குக் கேலிச் சித்திரத்தின் கீழ்வரும் ஒரு வரி, பத்துப் பக்க அறிக்கையைவிடக் கடினமானது. ஆயினும் மேலேயுள்ள படம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பெங்களூரில் மகாத்மா காந்தி சாலையை அடுத்த மிட்போர்டு மாளிகையில் 2007ஆம் ஆண்டு இந்தியக் கேலிச் சித்திரக் கூடம் திறக்கப்பட்டது. அந்நகரிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இத்தகைய கூடத்துக்குச் செல்லலாம். அதற்கு ஓய்வு இல்லாதவர்கள், காலையில் வரும் கன்னடத் தாளின் சித்திரத்தையேனும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அண்டை வீட்டார் எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று அறிந்தவன், அவர்களோடு கூடி வாழ்வதற்கும் வழி அறிவான்.