எண் 412 என்ற சிறுவன்: 'செப்டிமஸ் ஹீப்' நாவல் வரிசை

செப்டிமஸ் ஹீப், இங்கிலாந்து எழுத்தாளர் ஏஞ்சி சேஜ் சிறுவர்களுக்காக எழுதிய ஏழு நாவல்களின் கதாநாயகன். முதல் நூல் 'மேஜிக்' 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹாரி பாட்டரின் ஆறாம் நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. பிரிட்டனில் இரண்டையும் வெளியிட்டது புளூம்ஸ்பரி நிறுவனம். அதனால் ஒன்றை மற்றதன் நகல் என்று எண்ணியவர்கள் உண்டு. படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஹாரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை; செப்டிமஸ் ஒரே குருவிடம் தங்கித் தொழில் பழகும் சீடன்.

கதை ஒரு பனி இரவில் தொடங்குகிறது. சைலஸ் ஹீப் என்ற ஏழை மந்திரவாதிக்கு ஏழாவது மகன் பிறக்கிறான். சைலஸும் தம் தந்தைக்கு ஏழாவது மகன்தான். ஏழாமவனுக்கு ஏழாமவனாகப் பிறப்பவனுக்கு மந்திர சக்தி அதிகம் என்பது இக்கதை உலகின் நம்பிக்கை. ஆனால் குழந்தை இறந்துவிட்டதாகக் கூறி மருத்துவச்சி அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அதே இரவில் பனியில் கிடந்த ஒரு பெண் குழந்தையைச் சைலஸ் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். கொல்லப்பட்ட அரசியின் மகளான அவளை, ஜென்னா என்று பெயரிட்டு ஹீப் குடும்பம் வளர்க்கிறது.

பத்தாண்டுகள் கழித்து ஜென்னாவின் உயிருக்கு ஆபத்து வருகிறது. தலைமை மந்திரவாதி மார்ஷியா ஓவர்ஸ்ட்ராண்ட் அவளை அழைத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்புகிறார். குப்பைக் குழாய்க்குள் சறுக்கி வெளியேறும் அந்தக் காட்சியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அவர்களுடன் இன்னொரு பையனும் சேர்ந்துகொள்கிறான். மந்திரவாதிகளின் கோபுர வாசலில் காவலுக்கு நின்று, பனியில் விறைத்துச் சாகக் கிடந்த 'இளையோர் படை' சிறுவன் அவன். அவனுக்குப் பெயர் இல்லை, எண்தான்: 412. தன்னைக் காப்பாற்றியவர்களையே அவன் எதிரிகளாக நினைக்கிறான். நெடுநாள் வாய் திறப்பதே இல்லை.

அவன்தான் காணாமற்போன செப்டிமஸ். முதல் நூலின் கடைசிப் பக்கங்களில்தான் இது தெரியவருகிறது என்றாலும், கூர்மையான பிள்ளை பாதியிலேயே ஊகித்துவிடும். அதனால் சுவை குறையாது. எண்ணாக மட்டும் வளர்ந்த பையன் சிறிது சிறிதாக மனிதர்களை நம்பத் தொடங்குவதுதான் இந்நூலின் உயிர்.

இன்னொரு சிறுவனும் இருக்கிறான். செப்டிமஸைத் திருடச் சொன்னவன் டோம்டேனியல் என்ற தீய மந்திரவாதி. குழந்தைகள் மாறிப்போனதால், தாதியின் சொந்த மகனையே ஏழாவது மகன் என்று நம்பி அவன் வளர்க்கிறான். வேறொருவன் பெயரைச் சுமந்துகொண்டு, திட்டும் அதட்டலுமாக வளர்ந்த அந்தப் பிள்ளை பின்னாளில் கோட்டைக்கே பெருந்தொல்லையாகிறான். மார்ஷியாவும் கோபக்காரர்தான், பாம்புத்தோல் காலணி அணிந்து அதிகாரம் செய்பவர்தான். ஆனாலும் சீடனுக்காக உயிரைக் கொடுக்கவும் தயங்கமாட்டார். கெட்ட குருவிடம் சிக்கிய பிள்ளையை ஆசிரியர் வெறும் வில்லனாக ஒதுக்கிவிடாதது இத்தொடரின் சிறப்பு.

மார்ஷியாவிடம் செப்டிமஸின் சீடக் காலம் ஏழு ஆண்டும் ஒரு நாளும். பச்சை உடை அணிந்து கோபுரத்திலேயே தங்குகிறான். மந்திரத்தோடு பழைய ஏடுகளையும் படிக்கிறான். அந்த இடம் தனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று குமுறும் மூத்த அண்ணன் சைமன், இரண்டாம் நூலான 'ஃபிளைட்'டில் ஜென்னாவைக் கடத்துகிறான். குடும்பத்துக்குள் எழும் இந்தப் பொறாமை, எந்தப் பூதத்தைவிடவும் உண்மையாக இருக்கிறது. மூன்றாவதான 'ஃபிசிக்', ஒரு கண்ணாடி வழியாக 500 ஆண்டு பின்னே போய், ரசவாதி ஒருவரிடம் செப்டிமஸ் மருத்துவம் கற்கும் கதை. வரிசையில் மிகச் சிறந்தது இதுவே எனலாம். பிறகு 'குவெஸ்ட்' (2008), 'சைரன்' (2009), 'டார்க்' (2011), 'ஃபயர்' (2013) வந்தன. பிந்திய நூல்களில் பாத்திரங்கள் பெருகிவிடுவதால், இடையில் ஒன்றை விட்டுவிட்டால் கதை பிடிபடாது.

பேய்களுக்கும் இங்கே சட்டம் உண்டு. இறந்த இடத்திலேயே ஓராண்டும் ஒரு நாளும் இருக்க வேண்டும். பிறகும், உயிரோடிருந்தபோது கால் வைத்த இடங்களுக்கு மட்டுமே போகலாம். மார்ஷியாவின் மறைந்த குரு ஆல்தர் மெல்லா இந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே உதவி செய்வது நல்ல வேடிக்கை.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மேஜிக்', 'டார்க்' போன்ற சொற்கள் வேண்டுமென்றே பழங்கால எழுத்துக்கூட்டலில் தடித்த எழுத்தில் அச்சாகியுள்ளன. ஆங்கிலக் கட்டுரையில் பிள்ளை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும். பத்து வயதுக்கு மேல், ஆங்கிலத்தில் ஓரளவு சரளமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை ஏற்றவை. நூல் தடிமனாகத் தெரிந்தாலும் அத்தியாயங்கள் சிறியவை. மார்க் சுக் வரைந்த படங்களும் உண்டு.

திரைப்பட உரிமையை வார்னர் பிரதர்ஸ் 2007-இல் வாங்கியது, படம் வந்தபாடில்லை. ஆனால் கதை 2014-இல் 'டாட்ஹன்டர் மூன்' என்ற மூன்று நூல்களாக மீண்டும் தொடர்ந்தது. அதில் செப்டிமஸ்தான் தலைமை மந்திரவாதி. அவனிடம் சீடப்பிள்ளையாகச் சேர்கிறாள் டாட் என்ற மீனவக் கிராமத்துச் சிறுமி.