ஆர்ச்சி பங்கரின் நாற்காலி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘மேக் ரூம் ஃபார் டாடி’ என்ற குடும்பத் தொடர் 1953இல் தொடங்கியது. அதன் நாயகன் டேனி தாமஸ், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன். இரவு விடுதிகளில் பாடியும் சிரிக்கவைத்தும் பெயர் வாங்கியவர். கச்சேரி, கேளிக்கை என்று ஊர் ஊராகப் போய்விடுவார். அவர் இல்லாத நாட்களில் பிள்ளைகள் அம்மாவின் அறையில் வந்து படுத்துக்கொள்வார்கள். அப்பா வரும் நாளில் படுக்கை, பொம்மைகளைச் சுருட்டிக்கொண்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் வழக்கமாக நடந்த இந்தக் கூத்தைத்தான் அவருடைய மனைவி தொடருக்குத் தலைப்பாக எடுத்துக்கொடுத்தார்.

தொடரிலும் அவர் விடுதிக் கலைஞர்தான், பெயர் டேனி வில்லியம்ஸ். வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதற்காவது கத்துவார். பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். அரை மணி நேரம் முடியப்போகும் சமயத்தில் தப்பு தன்மேல்தான் என்று டேனிக்குப் புரியும், குரல் இறங்கும், பிள்ளையை மடியில் இழுத்துக்கொள்வார். அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. மனைவியாக நடித்த ஜீன் ஹேகன் மூன்று பருவங்களோடு விலகிக்கொள்ள, அம்மா இறந்துவிட்டதாகக் கதையை மாற்றி, பிறகு டேனிக்கு இன்னொரு திருமணம் செய்துவைத்தார்கள். அப்பாவின் கத்தல் மட்டும் 1964 வரை, பதினோரு ஆண்டுகள், குறையவேயில்லை.

அந்த முன்கோபத்தின் புண்ணியத்தில் இன்னொரு தொடரே பிறந்தது. 1960 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் டேனி குடும்பத்தோடு காரில் மேபெரி என்ற சின்ன ஊரைக் கடக்கிறார். நிறுத்தப் பலகையை மதிக்காமல் போனதற்காக உள்ளூர் ஷெரிஃப் மடக்குகிறார். டேனி வழக்கம்போல எகிறுகிறார். ஷெரிஃப் அசரவில்லை. அந்த ஷெரிஃபாக நடித்த ஆண்டி கிரிஃபித்துக்கு அதே ஆண்டு அக்டோபரில் தனித் தொடர் கிடைத்தது. அதில் அவர் தாயில்லாப் பிள்ளையை அதட்டாமல் வளர்க்கிற, நிதானமே உருவான அப்பா.

நிதானமான அப்பாக்களுக்கு அப்போது நல்ல சந்தையும் இருந்தது. 1949இல் வானொலியில் தொடங்கிய ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ 1954இல் தொலைக்காட்சிக்கு வந்தது. வானொலியில் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி உண்டு. அங்கே அப்பா கொஞ்சம் எரிந்துவிழுகிறவர், அவருக்கு எல்லாம் தெரியும் என்பதே கிண்டல்தான். திரைக்கு வந்தபோது கேள்விக்குறியும் போனது, எரிச்சலும் போனது. ராபர்ட் யங் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, வீட்டில் போடும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். உண்மையில் யங் குடியோடும் மனச்சோர்வோடும் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தவர். பிற்பாடு அவரே அதை வெளிப்படையாகப் பேசினார்.

கத்துகிற காட்சிக்கு அந்தக் காலத்தில் ஒரு இயந்திரத் துணையும் கிடைத்தது. சிபிஎஸ் நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் 1950களில் ஒரு பெட்டியைச் செய்தார். உள்ளே மனிதர்களின் சிரிப்பு பதிவான ஒலிநாடாக்கள், வெளியே தட்டச்சுப் பொறிபோல விசைகள். ஒரு விசைக்குக் குலுங்கல் சிரிப்பு, இன்னொன்றுக்குக் கிளுகிளுப்பு. பெட்டிக்குப் பூட்டு போட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகத் தள்ளிக்கொண்டு போவார். உள்ளே பார்க்க யாரையும் விடமாட்டார். பார்வையாளர் இல்லாமல் படமாக்கிய தொடர்களில் எங்கே எவ்வளவு சிரிப்பு என்பது அவர் விரல்களில் இருந்தது. அதட்டலுக்கு அடுத்த நொடியில் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டால், வீட்டில் அப்பாவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்துவிடும். தந்திரம்தான், வேறென்ன சொல்ல?

இந்த அப்பாக்களுக்கு ஏன் கோபம் வருகிறது என்று கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் எந்தத் தொடரும் கேட்கவில்லை. கேட்டவர் நார்மன் லியர்.

லியருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது போலிப் பத்திரங்களை விற்கப் போன அவருடைய தந்தை கைதானார், சிறைக்கும் போனார். அன்றிரவு வீட்டுச் சாமான்களை அம்மா விற்றுக்கொண்டிருந்தார். அதில் அப்பா உட்கார்ந்து வானொலி கேட்கும் சிவப்புத் தோல் நாற்காலியும் இருந்தது. அது கைமாறிப் போனதை லியர் கடைசிவரை மறக்கவில்லை. மனைவியைப் பார்த்து ‘வாயை மூடு’ என்று கத்துகிறவர் அந்த அப்பா. பிரிட்டனில் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற தொடர், சதா உறுமிக்கொண்டிருக்கும் மாமனாரையும் எதிர்த்துப் பேசும் மருமகனையும் வைத்து ஓடிக்கொண்டிருப்பதை அறிந்ததும், இது நம் வீட்டுக் கதையாயிற்றே என்று லியருக்குப் பட்டது. ஏபிசி நிறுவனம் இரண்டு முன்னோட்டப் பகுதிகளை எடுக்கச் சொல்லி, இரண்டையும் வேண்டாமென்றது. 1971 ஜனவரி 12 அன்று சிபிஎஸ்ஸில் ‘ஆல் இன் த ஃபேமிலி’ வந்தபோது, இது எப்படிப்பட்ட நகைச்சுவை என்று பார்வையாளர்களுக்கு ஒரு அறிவிப்பைப் போட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

குவீன்ஸ் பகுதித் தொழிலாளி ஆர்ச்சி பங்கராக கரோல் ஓ’கானர் நடித்தார். இனவெறி, மதவெறி, வாய்த்துடுக்கு எல்லாம் உள்ள ஆள். கூடத்தின் நடுவில் அவருக்கென்று ஒரு பழைய நாற்காலி. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் தீர்ந்தது. தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான்.

1978 பிப்ரவரியில் வந்த ‘டூஸ் எ க்ரவுட்’ என்ற பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்ச்சியும் மருமகன் மைக்கும் மதுக்கடைக் கிடங்கில் ராத்திரி மாட்டிக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாமல் குடிக்கிறார்கள். போதையில் ஆர்ச்சி சின்ன வயதைச் சொல்லத் தொடங்குகிறார். பஞ்ச காலத்தில் புதுச் செருப்பு வாங்கக் காசில்லாமல், ஒரு காலில் ஷூவும் மறு காலில் பூட்ஸுமாகப் பள்ளிக்கூடம் போனது. பையன்கள் அதற்கென்றே பட்டப்பெயர் வைத்தது. அப்பா அடித்தது, அலமாரி அறைக்குள் வைத்துப் பூட்டியது. உங்கள் அப்பா செய்தது தப்பு என்கிறான் மைக். ஆர்ச்சிக்குச் சுருக்கென்று வருகிறது. நம்மை உருவாக்கிய மனிதர், நம்மேல் உயிரை வைத்திருந்தவர், அவர் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்கிறார். ஓ’கானர் அந்த இடத்தில் குரலை உயர்த்தவேயில்லை. ஸ்டுடியோவில் கூடியிருந்த பார்வையாளர்களின் சிரிப்பும் அங்கே அடங்கிப்போகிறது. அதுவரை ஏழாண்டுகளாக ஆர்ச்சி கத்திய கத்தல் எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அதே ஆண்டு ஆர்ச்சியின் நாற்காலி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தது ஒரு அம்மா. 1988இல் தொடங்கிய ‘ரோசேன்’ தொடரின் நாயகி இல்லினாய் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போகிறவள். பிள்ளைகளிடம் வாய் கொஞ்சம் நீளம். 1993இல் ஒரு பகுதியில் அவளுடைய அப்பா இறந்துபோகிறார். தங்கை ஜாக்கி, காது சரியாகக் கேட்காத உறவுக்காரப் பெண்மணிக்குத் தொலைபேசியில் சாவுச் செய்தி சொல்லப் பார்க்கிறாள். இறந்துவிட்டார், இறந்துவிட்டார் என்று தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லாமல், கடைசியில் ‘நன்றாக இருக்கிறார், உங்களை விசாரித்ததாகச் சொன்னார்’ என்று போனை வைக்கிறாள். அதே அப்பா மகள்களை அடித்து வளர்த்தவர். மறு ஆண்டு ‘த டிரைவர்ஸ் சீட்’ என்ற பகுதியில், சொல்லாமல் காரை எடுத்துப்போய் மோதிய மகனை ரோசேன் அடித்துவிடுகிறாள். என் பிள்ளைகள்மேல் கை வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தவள் தன் கையைத் தானே நம்ப முடியாமல் நிற்கிறாள். அப்புறம் மகனிடம் போய்த் தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள், மன்னிப்பும் கேட்கிறாள்.

2000இல் வந்த ‘மால்கம் இன் த மிடில்’ சிரிப்புச் சத்தத்தையே தூக்கி எறிந்தது. அம்மா லோயிஸ் கத்தினால் அந்தக் கத்தல் மட்டும்தான் கேட்கும். நடித்த ஜேன் காஸ்மரெக் ஏழு முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை.

பிள்ளையே வாய் திறந்தது 2001 செப்டம்பரில். ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ தொடரின் ‘தி ஆங்ரி ஃபேமிலி’ பகுதியில், பள்ளிக்கூட நிகழ்ச்சியில் சின்னவன் மைக்கேல் தான் எழுதிய கதையை வாசிக்கிறான். கதையில் அப்பாவும் அம்மாவும் தாத்தா பாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாகவே இருக்கிறார்கள். மொத்தக் குடும்பமும் மற்ற பெற்றோர்களுக்கு நடுவே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையில் யார்மேல் பழி என்று மறுபடி சண்டை. நாயகன் ரே ரொமானோ இந்தக் குடும்பத்தைப் பெருமளவு தன் வீட்டிலிருந்தே எடுத்தவர். அப்பா ஒரே ஒரு தடவை கட்டிப்பிடித்திருந்தால் நான் கணக்கெழுதப் போயிருப்பேன் என்று மேடையில் சொல்வார். அவர் தொடரை 2015இல் ஸ்டார் பிளஸ் ‘சுமித் சம்பால் லேகா’ என்று இந்தியில் எடுத்தது. லாங் ஐலண்ட் டெல்லியாக மாறியது. பக்கத்திலேயே குடியிருந்து நினைத்த நேரத்தில் நுழைகிற அப்பா அம்மாவில் மாற்ற வேண்டியது அதிகம் இருக்கவில்லை.