வினவாமையும் எண்ணுதலும்

"உன் இனம் யாது?" என்னும் வினா, வேலை நாடி வாயிலில் நிற்பானிடம் கேட்கப்படின் அவனைத் தடுக்கும் தாழாகும், வேலையில் அமர்ந்தோரைக் கணக்கெடுக்குங்கால் கேட்கப்படின் நீதிக்குத் துணையாகும். இவ்வேறுபாட்டை அமெரிக்க ஐக்கிய நாடுகள் நெடுங்காலம் பயின்றே உணர்ந்தன. உத்தியோகங்களில் யார் யார் எத்துணையர் என்னும் கணக்கிற் கருத்துடைய நம் சங்கத்து அன்பர்க்குப் பயன்படுமென்று கருதி, அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டில் படைக்கலத் தொழிற்சாலைகள் பெருகின. ஆயினும் அவற்றுட் பல கறுப்பினத்தாரை ஏற்றில. ரயில்களின் துயில்வண்டிப் பணியாளர் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், பல்லாயிரவருடன் வாஷிங்டன் நகருக்கு ஊர்வலம் வருவேம் என அறிவித்தார். அதன் பயனாக, 1941 ஜூன் 25-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை பாராட்டலாகாதென ஆணையிட்டார்.

1945-ல் நியூயார்க் மாகாணம், தனியார் முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் சட்டமொன்று இயற்றி, ஏனை மாகாணங்கட்கு வழிகாட்டிற்று. இனம், சமயம் முதலியன பற்றி வேலைக்கு வருவோரை விலக்கும் நோக்குடைய வினாக்களை அச்சட்டம் தடுத்தது. கேளாதொழியின் வேற்றுமையும் ஒழியும் என்பது அக்காலத்துச் சான்றோர் பலர் கருத்து. கருத்து நன்றே, ஆனால் எழுதப்படாத கணக்கைத் தணிக்கை செய்வார் யார்? வேலை மறுக்கப்பட்டான் ஒருவன், தன்னைப்போல் மறுக்கப்பட்டார் எத்தனை பேர் என்பதை யாங்ஙனம் அறிவான்? தனியொருவன் முறையீடு தனியொருவன் சொல்லாகவே நின்றது.

இக்குறை நீக்க முற்பட்டது 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அதன்வழி அமைந்த சமவேலைவாய்ப்பு ஆணையம் 1966 முதல் முதலாளிகளிடம் ஆண்டறிக்கை பெறத் தொடங்கிற்று. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரை உடையோர், அதிகாரிகள் முதல் கூலியாட்கள் ஈறாக ஒவ்வொரு தரத்திலும் எவ்வினத்தார் எத்தனை பேர், ஆடவர் பெண்டிர் எத்துணையர் என்று அதில் எழுதல் வேண்டும். வாயிலிற் கேட்டல் தகாது. உள்ளிருப்போரை எண்ணுதல் வேண்டும் என்னும் தெளிவு அன்று பிறந்தது.

எனினும், ஆட்தொகை ஊதியத்தைக் காட்டாது. இருவர் ஒரே தரத்திலிருந்தும் ஒருவர் குறைந்த ஊதியம் பெறுதல் கூடுமன்றோ? ஊதியக் கணக்கையும் பெற ஆணையம் 2016-ல் முடிவு செய்தது. 2017-ல் புதிய அரசாங்கம் அதனை நிறுத்தியது. 2019-ல் நீதிமன்றத் தீர்ப்பினால் ஈராண்டுக் கணக்கு மட்டும் பெறப்பட்டது; அதன்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

நடுவணரசு விட்டதை மாகாணங்கள் மேற்கொண்டன. கலிபோர்னியா 2020-ல் இயற்றிய சட்டம், நூறு பேர்க்குக் குறையாத பணியாளருடைய முதலாளிகள் இனம், பால், ஊதியப் படி மூன்றையும் இணைத்து ஆண்டுதோறும் அறிக்கை தரல் வேண்டுமென்றது. 2022-ல் ஒப்பந்தக்காரர் வழி வரும் தொழிலாளரும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். அறிக்கை தாரா முதலாளிக்கு, முதன்முறை ஒரு பணியாளர்க்கு 100 டாலர் வரையும், பின்னர் 200 டாலர் வரையும் தண்டம் விதிக்க இடமேற்பட்டது. இல்லினாய் 2021-ல் தன் சட்டத்தை இயற்றிற்று. மாசசூசெட்ஸ் 2024-ல் இயற்றிய சட்டம், ஜனாதிபதியின் மந்திரிசபையில் அமர்ந்த முதற் பெண்மணியாகிய பிரான்சஸ் பெர்கின்ஸ் அம்மையார் பெயரைத் தாங்கியது.

இவற்றை மறுப்பாரும் உளர். எண் வேறுபாடு ஒன்றே அநீதிக்குச் சான்றாகுமோ என்பர். ஒருவன் இனத்தை ஏட்டில் எழுதுதல் அவன் மானத்திற்கு இழுக்கன்றோ என்பர். முன்னதற்கு விடை: எண் தீர்ப்பன்று, எங்கே விசாரணை வேண்டுமென்று காட்டும் குறியே. பின்னது எளிதில் தள்ளற்பாலதன்று. அதனாலேயே பணியாளர் தம் இனத்தைத் தாமே கூறுதல் சிறந்த முறையெனக் கொள்ளப்பட்டது. தனியொரு முதலாளியின் கணக்கை அதிகாரிகள் தம் விருப்பப்படி வெளியிடலாகாதென்றும் விதிக்கப்பட்டது.

ஆகவே, நம்மைப்பற்றிய கணக்கை எவரேனும் கேட்குங்கால், கேட்போர் யாவர், எப்பொழுது கேட்கின்றார், எதன்பொருட்டுக் கேட்கின்றார் என்னும் மூன்றையும் ஆராய்க. ஆராய்ந்து தக்கதெனக் கண்டவழி, கூசாது மெய்யை எழுதித் தருக. பொய்க் கணக்கு நம் குறையையும் மறைக்கும்; பிறர் குறையையும் மறைக்கும்.