கிருமி மருந்துக்குப் பழகிய கதை

 

வைத்தியசாலையில் இருக்கும் ஒருவரைப் பற்றி விசாரித்தால், "மருந்து கேட்குதில்லையாம்" என்ற பதில் நம் ஊர்களில் அடிக்கடி வருகிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் பழகியது கிருமி. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். பிறகு மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அதே ஆண்டில் வியன்னா நகரில் செம்மல்வெயிஸ் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். பிரேத பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவ வாட்டுக்குப் போனார்கள். தாய்மார் காய்ச்சலில் இறந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 அளவுக்குக் குறைந்தது. வைத்தியசாலைக்குள்ளேயே நோய் தொற்றும் என்பதற்கு அது சாட்சி.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவில் மருந்து எடுத்தால் கிருமி அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 1948இலேயே லண்டன் வைத்தியசாலை ஒன்றில், நோயாளரிடம் எடுத்த ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் பென்சிலினுக்கு அடங்கவில்லை. மருந்து பலவீனமான கிருமிகளைக் கொல்ல, தாங்கியவை மிஞ்சிப் பெருகின.

2010 ஓகஸ்டில் செய்தி நமக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம் வகையையே முறிக்கும் என்டிஎம்-1 என்ற மரபணுவை, சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளில் கண்டதாக மருத்துவ இதழொன்றில் ஆய்வு வெளியானது. ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு அந்த மரபணுவைக் கடத்தவும் முடியும். 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, அன்டிபயோட்டிக் பாவனையைக் கட்டுப்படுத்தக் கோரும் பிரகடனத்தை உருவாக்கின. வைத்தியத்துக்காகச் சென்னை போய்வருவோர் நம்மிடையே குறைவில்லை. ஆகவே இது நம் கதையும்தான்.

யாருக்கு ஆபத்து அதிகம்? அண்மையில் அன்டிபயோட்டிக் எடுத்தவர், பல நாள் வாட்டில் கிடப்பவர், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், சிறுநீர் ரியூப் அல்லது சுவாசக் குழாய் போட்டவர், நீரிழிவு உள்ளவர், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவர்.

இந்தக் கடைசி வரியில் தீவார் நாங்கள் நிற்கிறோம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வருத்தம் கடுமையானால் படகில் குறிகட்டுவான், அங்கிருந்து யாழ்ப்பாணம். படகுக்குப் பயந்தே பலர் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். மிஞ்சிய குளிசையை அடுத்த காய்ச்சலுக்கென்று அலுமாரியில் வைக்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் காரணம் நமக்குப் புரியும். ஆனால் தடிமனுக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் அந்தக் குளிசை உதவாது. உடம்பில் உள்ள மற்றக் கிருமிகளை மட்டும் பழக்கிவிடும்.

கடலைச் சுருக்க முடியாது. செய்யக்கூடியவை சில உண்டு. வைத்தியர் தந்த அன்டிபயோட்டிக்கை அவர் சொன்ன நாள்வரை எடுப்போம். துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கவேண்டாம்; அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். மாற்றி அனுப்பினால் கிளினிக் கொப்பியையும் குடித்த குளிசைகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோவோம். கடந்த மூன்று மாதத்தில் எடுத்த மருந்தையும், எந்த ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்பதையும் கேட்காமலே சொல்வோம். எந்த மருந்தில் தொடங்குவது என்று வைத்தியர் முடிவெடுக்க அது உதவும்.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கத்தில் கடமை. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் போகும் அயலவருக்கும் அதே பண்புதான். பார்க்கப் போகும்போது கட்டிலில் இருக்கவேண்டாம், ரியூப்பைத் தொடவேண்டாம். உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். ஐவேளை வுழூச் செய்யும் கைகளுக்கு அது பாரமில்லை.

இதை வாசித்ததும் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். மிஞ்சிய அன்டிபயோட்டிக் இருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மருந்தகத்தில் காட்டி என்ன செய்வதென்று கேளுங்கள்.