தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்

மலேசியத் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ரப்பர் தோட்டங்களையே விலைக்கு வாங்கிய அமைப்பு. 1960-இல் தொடங்கியது. நிறுவியவர் துன் வீ.தி. சம்பந்தன், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர்.

1957-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்க, பால்மரம் சீவியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தனர். வேலை போன அன்றே வீடும் போனது. குடியிருந்த லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு, தோட்டத்துக்குச் சொந்தம். விடிவதற்கு முன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, காண்டா எனும் தோள்தடியில் பால்வாளி சுமந்து தலைமுறைகள் உழைத்த மண்ணில் அவர்களுக்கு ஒரு சாண்கூட இல்லை. கொடுமை அதுதான்.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார். ஒரு பங்கு 100 வெள்ளி (மலாயா டாலர்). மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலியில் அதுவும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது.

எல்லோரையும் சங்கம் காக்க முடியவில்லை. வேலை இழந்தவர்களில் பலர் ஈப்போ போன்ற நகரங்களின் ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கினர். குடியுரிமை இல்லாதவர்களை 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மேலும் நெருக்கியது. ஆனாலும் கூலிக்காரரைப் பங்குதாரராக்கிய இந்த முயற்சிக்கு இணையாக மலேசியத் தமிழர் வரலாற்றில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

சம்பந்தன் 1979-இல் மறைந்தார். கோலாலம்பூரில் உள்ள சங்கத்தின் கட்டடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.