கிராஸ் கம்பைலர்: இந்தியச் செயலிகளுக்கான கருவிகள்

ஒரு கணினியில் ஓடிக்கொண்டே வேறு வகைச் செயலிக்கான நிரலை ஆக்கித் தரும் மென்பொருள் கிராஸ் கம்பைலர். அது தனியாக நின்று பயன் தராது. அசெம்பிளர், லிங்கர், அடிப்படை நூலகங்கள், பிழைதிருத்தி எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு டூல்செயின் என்று பெயர். புதிதாக வடிவமைத்த செயலியில் ஓடக்கூடிய கம்பைலர் தொடக்கத்தில் இருப்பதில்லை. செயலி மிகச் சிறியதென்றால் பின்னாளிலும் அதில் கம்பைலருக்கு இடமிராது.

நுண்செயலிகளின் தொடக்க காலத்திலேயே இந்த முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்டெல் 8008-க்காக கேரி கில்டால் 1973-இல் உருவாக்கிய பிஎல்/எம் கம்பைலர் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டுப் பெரிய கணினிகளில் ஓடியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி, மூல நிரலோடு கிடைத்த கம்பைலர் என்பதால், யாரும் அதைத் தம் செயலிக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள முடிந்தது.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழக ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001-இல் அறிமுகமானது. கையடக்கக் கணினியான அதற்குள் இருந்தது ஸ்ட்ராங்ஆர்ம் செயலியும் லினக்ஸும். இவ்வகைச் சிறு சாதனங்களுக்கு நிரல் ஆக்கவும் கிராஸ் கம்பைலரே ஏற்றது.

சென்னை ஐஐடியின் கணினி அறிவியல் துறையில் வி. காமகோடி தலைமையில் 2014 வாக்கில் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் பற்றி விரிவான ஆவணங்கள் உள்ளன. செயலியின் வடிவமைப்பு முழுவதும் புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியலான கட்டளைத் தொகுதிக்கு மட்டும், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் எடுத்துக்கொள்ளப்பட்டது. உரிமக் கட்டணம் இல்லை என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். கம்பைலரை முதலிலிருந்து எழுதும் வேலை மிச்சமானதும் அதே அளவுக்கு முக்கியம் என்றே தோன்றுகிறது. ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2017-இல் ஜிசிசி 7 பதிப்பிலும், 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15-இலும், அடுத்த மாதம் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.27-இலும் சேர்ந்தது. அதற்கு முன்பும் இக்கருவிகள் தனிக் கிளையாகக் கிடைத்துவந்தன. ஆகவே சென்னைக் குழு இந்தச் சேர்ப்புகளுக்காகக் காத்திருந்தது என்று சொல்வதற்கில்லை. இன்டெல்லின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் தயாரான ரைஸ்கிரீக் என்ற சக்தி சில்லில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. முதல் தொகுதியில் 300 சில்லுகள். பின்னர் சண்டிகரை அடுத்த செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் ரிமோவும், 2020-இல் மௌஷிக்கும் வந்தன.

சில்லு கைக்கு வராதவர்களும் பழகிப் பார்க்க, உள்ளமைப்பை விரும்பியபடி மாற்றக்கூடிய எஃப்பிஜிஏ சில்லுள்ள ஆர்ட்டி ஏ7 பலகைகளுக்கான மென்பொருள் தொகுதியைக் குழு வெளியிட்டது. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஓர் ஆயுதத்தின் பெயர்: சிவனின் வில்லான பினாகம், பரசுராமரின் மழுவான பரசு, இந்திரனின் வச்சிரம். பினாகமும் பரசுவும் 32 பிட். வச்சிரம் 64 பிட். நிரலைத் தொகுப்பவர் மேக் கட்டளையின் இலக்கு என்ற இடத்தில் இவற்றில் ஒன்றைத் தட்டச்சு செய்கிறார். எந்த அகலத்துக்கான கட்டளைகளை ஆக்குவது, நினைவகத்தின் எந்த முகவரியில் நிரலை இருத்துவது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து முடிவாகின்றன. பிறகு பிழைதிருத்தி வழியாக நிரல் பலகைக்கு இறங்கும். பலகை சொல்லும் பதில் யுஎஸ்பி கம்பியில், விநாடிக்கு 19200 பிட் என்ற பழைய வேகத்தில், திரையில் எழுத்தெழுத்தாக வரும்.

சக்தியை முதல் இந்திய நுண்செயலி என்று 2018-இல் பத்திரிகைகள் எழுதின. ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐதராபாத் ஆய்வகம் அதற்கு முன்பே செயலிகளை வடிவமைத்திருந்தது. மும்பை ஐஐடியின் அஜித் செயலி 2019-இல் அறிவிக்கப்பட்டபோதும் இதே பட்டம் அதற்குச் சூட்டப்பட்டது. வடிவமைப்பை எண்ணுவதா, தயாரான இடத்தை எண்ணுவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். அஜித் ஸ்பார்க் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றியது. அதற்கும் ஜிசிசி ஆதரவு ஏற்கனவே இருந்தது.

இதற்கு நேர்மாறான வழி இஸ்ரோவினுடையது. 2009 முதல் ஏவூர்திகளில் பறக்கும் 16 பிட் விக்ரம் 1601-இன் வாரிசான விக்ரம் 3201, பிறர் செயலிகளின் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றவில்லை. அதனால் அடா மொழிக்கான கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், போலிப்பான் அனைத்தையும் இஸ்ரோ தானே எழுத வேண்டியிருந்தது. பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில் சோதிக்கப்பட்ட இச்செயலியின் முதல் உற்பத்தித் தொகுதி 2025 மார்ச் 5 அன்று புதுடெல்லியில் ஒப்படைக்கப்பட்டது. சி மொழிக்கான கம்பைலர் உருவாகிவருவதாக அப்போது அறிவிக்கப்பட்டது. அன்று உடன் வழங்கப்பட்ட கல்பனா 3201 ஸ்பார்க் வழிவந்தது. அதற்குத் திறந்த மூலக் கருவிகளே போதும்.

ஒசூர் வட்டாரத்தில் இந்த நுட்பம் மின்சார ஸ்கூட்டர்களோடு வந்து சேர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர் ஸ்கூட்டர் நிறுவனத்தின் ஒசூர் ஆலை 2021-இல் இயங்கத் தொடங்கியது. நிறுவனத்தின் தலைமையகம் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் இருக்கிறது. வண்டிக்குள் கம்பைலர் கிடையாது. அலுவலகக் கணினியில் தொகுத்த நிரலே புதுப்பிப்பாக வானலை வழியே வண்டிக்குச் சென்று சேர்கிறது.