ஒயர் கூடையும் பேச்சுத் துணையும்

தோட்டப்புற வீடுகளில் சமையலறைச் சுவரின் ஆணியில் தொங்கிய ஒயர் கூடை பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சந்தைக்குப் போகவும், கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டு செல்லவும், வெளிக்காட்டு வேலைக்குச் சாப்பாட்டுச் சட்டி தூக்கவும் அந்த ஒரு கூடைதான். கடைகளில் நெகிழிப் பை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அது கதவுக்குப் பின்னால் போனது.

இலவசப் பை நின்றதும் கூடைக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. பினாங்கில் 2011 ஜனவரியில் எல்லா நாளும் பைக்கு 20 காசு கட்டணம் வந்தது. சிலாங்கூரில் அது 2017-இல் வந்தது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. ஆனால் கூடை பின்னும் பெண்களைக் கேட்டால் பைக்காசு பற்றி அதிகம் பேச மாட்டார்கள். கையில் ஒரு வேலை, கூடப் பேச நாலு பேர் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. லயத்தில் வாசலில் உட்கார்ந்தாலே பேச்சுத் துணை கிடைக்கும். பத்தாவது மாடியில் கதவைச் சாத்தினால் மாலை வரை தொலைக்காட்சிதான். அதனால் கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு முறை கூடுபவர்களும் உண்டு, புலனக் குழுவில் தினமும் கூடுபவர்களும் உண்டு.

கூடையின் அடிப்படை சாதா முடிச்சு. இரண்டு ஒயர்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்தால் சின்னச் சதுரமாக நிற்கும். முதலில் அடிப்பாகத்துக்கான ஒயர்களை ஒரே நீளத்தில் வெட்டி, பாதியாக மடித்து, வரிசையாக முடிச்சுப் போட வேண்டும். ஒரே ஒயர்தான் அடியைக் கடந்து இரு பக்கமும் மேலே ஏறுகிறது. நடுமடிப்பு பிசகினால் ஒரு பக்கம் ஒயர் மிஞ்சும், மறுபக்கம் போதாமல் போகும். அடி முடிந்ததும், கட்டிலிருந்து நேராக எடுக்கும் ஓட்டு ஒயரால் சுற்றுச் சுற்றாக உயரம் ஏற்றுவார்கள். கடைசியில் நுனிகளை உள்பக்க முடிச்சுகளில் செருகி மறைக்க வேண்டும். செருகாமல் விட்டால் கையைக் குத்தும்.

சாதா முடிச்சு கைக்கு வந்த பிறகுதான் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்ற வகைகள். நெல்லிக்காய் முடிச்சு புடைத்து நிற்கும். ஒயரும் அதிகம் தின்னும். புதிதாகக் கற்பவர்கள் அழகைப் பார்த்து நேராக அதில் இறங்கிவிடுவதும், பாதியில் ஒயர் தீர்ந்து, அதே நிறம் கடையில் கிடைக்காமல் திண்டாடுவதும் வழக்கமாக நடப்பதுதான்.

குழுவில் உதவி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "கோணலாக வருகிறது, என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடிப்பாகத்தை மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், எத்தனை ஒயர், எந்த நீளத்தில் வெட்டியது என்ற விவரம், இவ்வளவும் கொடுத்தால் அனுபவசாலி ஒருவர் முடிச்சுகளை எண்ணியே தவறைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஒரு வரிசையில் ஒரு முடிச்சு விட்டுப் போயிருக்கும், அல்லது முடிச்சின் முகம் திரும்பியிருக்கும். பத்துப் பேர் "சூப்பர்" போடுவதைவிட அந்த ஒரு பதில்தான் கற்பவருக்குத் தேவை. அதற்காக முதல் கூடை போட்டவரிடம் எல்லார் முன்னிலையிலும் குறைகளை அடுக்கினால், அவர் இரண்டாவது கூடையின் படத்தைக் காட்டவே மாட்டார்.

வயதானவர்கள் பலர் தட்டச்சு செய்வதில்லை, குரல் பதிவுதான். முடிச்சு பற்றித் தொடங்கும் பதிவு முழங்கால் வலிக்குப் போய், பேரன் பரீட்சைக்குப் போய், நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பில் முடியும். குழுவை நடத்துபவர்களில் சிலர் "கூடை பற்றி மட்டும் பேசவும்" என்று கட்டளை போடுகிறார்கள். குழு ஒழுங்காகிவிடும், ஆனால் அப்புறம் ஆளே பேசாது. தினமும் காலை வணக்கம் சொல்பவர் இரண்டு நாள் காணவில்லை என்றால் யாராவது "என்ன அக்கா, உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்பது, இந்த வெட்டிப் பேச்சு இருக்கும் இடத்தில்தான்.

உரசல் வருவது காசில்தான். "ஒயர் காசு தருகிறேன், எனக்கும் ஒன்று போட்டுத் தா" என்பார் உறவுக்காரர். ஒயர் விலை மட்டும் கூலியாகுமா? முதுகு வலிக்க உட்கார்ந்த நாள்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அன்பளிப்பென்றால் அன்பளிப்பு, விற்பனையென்றால் ஒயர், கைப்பிடி, நேரம் மூன்றையும் சேர்த்து முதலிலேயே விலை சொல்லிவிடுவது நல்லது. இன்னொருவர் கட்டம் போட்ட நோட்டில் யோசித்து வரைந்த பூ வடிவத்தைப் போட்டுப் பார்க்கிறவர், அவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், மனஸ்தாபம் வராது. அவர் கூடையின் படத்தைக் காட்டித் தான் ஆர்டர் எடுப்பது வேறு, அது திருட்டு.

ஒயரை வெயிலில் காய வைக்கக் கூடாது. நாளடைவில் நொறுங்கும். பின்னிய கூடையை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் கவிழ்த்தால் போதும். பழைய கூடையில் முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் கைப்பிடிதான். தனி ஒயரால் போட்டதென்றால் அதை மட்டும் அறுத்து எடுத்துவிட்டுப் புதிது போட முடியும், உடம்பைப் பிரிக்க வேண்டியதில்லை. பாட்டி விட்டுப்போன கூடையோடு பேத்தி ஒருத்தி வந்தால், "நிறம் பொருந்தாதே" என்று யாரும் தயங்க வேண்டாம். பச்சைக் கூடைக்குச் சிவப்புக் கைப்பிடி போட்டாலும் சந்தைக்குப் போகலாம்.